மெல்ரோய் போடும் சிவப்புச் சரி

புறங்கையைக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ரோய் முப்பது எண்ணுவார். பிறகு அதன் பின்பக்கம் காதை வைப்பார். அதற்குப் பிறகும் வாயைத் திறக்க மாட்டார். உள்ளங்கையால் காய்ச்சல் பார்ப்பவர்கள் பழக்கமில்லாதவர்கள். புறங்கைக்குத்தான் சூடு சரியாகத் தெரியும். இதை மெல்ரோய்க்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. வயது ஐம்பத்திரண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடையோடு வந்து, சிறிய கடைகளின் கம்ப்யூட்டர்களைத் திருத்திக் கொடுப்பது அவர் பிழைப்பு.

பையிலிருந்து முதலில் வெளியே வருவது கறுப்பு மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. பக்கத்தை மூன்றாகக் கோடு கிழித்திருப்பார். முதல் நிரலில் ஆட்கள் சொன்னது. இரண்டாவதில் அவர் கண்டது. மூன்றாவதில் சிவப்புப் பேனையால் ஒரு சரி. முதல் இரண்டும் ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும். மூன்றாவது சில வேளை இரண்டு நாள் வெறுமையாகக் கிடக்கும். திரை 'சேமித்தாயிற்று' என்று சொன்னதற்காக அவர் சரி போடுவதில்லை. எழுதியதை மூடி, வேறொரு கணினியில் போய்த் திறந்து, அசலோடு ஒத்துப் பார்த்த பிறகே போடுவார்.

"மெசின் பொய் சொல்லாது மிஸ். அரைவாசி சொல்லும். மத்த அரைவாசிய ஆக்கள் வச்சிருப்பாங்க. கடைசியாத்தான் தருவாங்க" என்பது அவருடைய வாய்ப்பாடு. பெண்கள் எல்லோரும் அவருக்கு மிஸ். ஆண்கள் எல்லோரும் சேர்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் தியாகராசாவின் கடைக்கு அவர் போக வேண்டியிருந்தது. இரண்டாம் மாடி. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் நினைவுமலர்களைப் பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கனடாப் பேரப்பிள்ளைகளின் படங்கள், கடைசியில் நன்றி நவிலல். பக்கங்களும் படங்களும் சேர்வரில் இருப்பதில்லை. நான்கு ஹார்ட் டிஸ்க் அடங்கிய தனிப் பெட்டி ஒன்றில், சுவாமிப் படத்துக்கு மேலே உள்ள தட்டில் இருக்கின்றன. நெட்வேர்க் வயர் வழியாகச் சேர்வர் அதில் எழுதும், அதிலிருந்து வாசிக்கும். ஒருமுறை ஒரு கணினியில் கிடந்த பழைய பிரதியை அச்சடித்து, ஒருவரின் மலரில் இன்னொருவரின் மருமகனைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பெட்டியைத் தவிர வேறெங்கும் எதையும் வைக்கக்கூடாது என்பது தியாகராசாவின் சட்டம்.

இப்போது அந்தப் பெட்டியில் எழுத முடியவில்லை.

மெல்ரோய் படியேறி வந்தபோது வாசலுக்கு நேரே ஒரு நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுபத்தொன்பது வயதான இராசமலர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பியின் முப்பத்தோராம் நாள். மலருக்கான விபரத்தை எழுதி அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கும் அந்தத் தம்பியின் மகன். அதன் ஏழாம் பக்கத்தில், 'காலஞ்சென்றவர்களான சிவஞானம், இராசமலர் ஆகியோரின் அன்புத் தம்பியும்' என்று இருந்தது. சிவஞானம் போய்ச் சேர்ந்து பத்து வருடம். இராசமலர் நேற்றுக் காலையிலிருந்து இந்த நாற்காலியில் இருக்கிறார்.

"சாகேக்கை சொல்லிப்போட்டுத்தான் சாவன்" என்று அவர் பக்கம் அமைக்கும் ஹம்சிகாவிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் உடனே திருத்தினாள். 'காலஞ்சென்ற சிவஞானம், வெள்ளவத்தையில் வசிக்கும் இராசமலர்' என்று மாற்றினாள். திரையில் காட்டினாள். இராசமலருக்குத் திரையில் நம்பிக்கை இல்லை. தாளில் வேண்டும் என்றார். தாளில் எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்து, சரி என்றார். ஹம்சிகா சேமிக்கப் போனாள். எழுத முடியவில்லை என்று சிவப்பில் ஒரு செய்தி வந்தது. திரை உறைந்தது. மூடித் திறந்து பார்த்தால் இராசமலர் மறுபடியும் காலஞ்சென்றிருந்தார்.

வியாழக்கிழமை மட்டும் இப்படி மூன்று முறை.

தியாகராசா நல்ல மனிதர், ஆனால் பொறுமை குறைவு. மலரை உள்ளபடியே அச்சடித்து ஒரு திருத்தத் துண்டு ஒட்டலாம் என்று யோசனை சொன்னார்.

"என்ரை உயிரைத் துண்டிலை ஒட்டப் போறீரோ?" என்றார் இராசமலர். குரலை உயர்த்தவில்லை. தை மாதம் கிராம சேவகரிடம் போய், உயிரோடு இருப்பதாகப் பென்சனுக்குக் கையெழுத்து வாங்கி வந்தவர் அவர். முந்நூறு பிரதிகளில் ஒன்று பென்சன் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். தியாகராசா துண்டு யோசனையைக் கைவிட்டார்.

நேரமும் அதிகம் இல்லை. தெமட்டகொடையில் அச்சகம் வைத்திருக்கும் ஹுசைன் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டார்: ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்குத் திரும்பும்போது பக்கங்கள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெசினில் ரியூஷன் வகுப்புக்காரரின் வினாத்தாள் ஏறும். பிறகு திங்கட்கிழமைதான்.

மெல்ரோய் எல்லாவற்றையும் முதல் நிரலில் எழுதினார். ஏணியில் ஏறிப் பெட்டிக்குப் புறங்கை வைத்தார். காய்ச்சல் இல்லை. வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். இடம் பாதிக்கு மேல் காலி. நான்கு டிஸ்க்கும் சுகம். எழுத அனுமதி எல்லோருக்கும் இருந்தது. சும்மா ஒரு கோப்பை எழுதிச் சேமித்தார். குழந்தை பால் குடிப்பதுபோல் பெட்டி அதை வாங்கிக்கொண்டது. டொக்டரைக் கண்டதும் நோய் போய்விடும் கதைதான். தியாகராசாவுக்கு வெட்கமாகிவிட்டது. நேற்று உண்மையாகவே வேலை செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினார்.

"நான் நம்புறேன் சேர். இப்ப நான் இங்க இல்ல. நேத்து மாதிரியே வேலை செய்ங்க" என்று சொல்லிவிட்டு மெல்ரோய் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து சீனிச்சம்பல் பாணை எடுத்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குள் மீன் வாசம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மீன் அடைத்த மாலுபாணைக் கீழே பஸ் நிற்குமிடத்திலேயே முடித்துவிட்டு வந்திருந்தார்.

அடுத்த அரை மணி நேரம் அவர் செய்தது மெல்லுவதும் பார்ப்பதும் மட்டும். இவருக்குச் சும்மா இருக்கவா கூலி என்று தியாகராசா இரண்டு முறை ஹம்சிகாவைப் பார்த்தார். நோயாளியை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பவரைவிட, கட்டிலருகே பேசாமல் இருப்பவருக்குத்தான் அதிகம் பிடிபடும். ஹம்சிகா திருத்தினாள். இராசமலர் தாள் கேட்டார். போன புதன்கிழமை வாங்கிய புதிய கலர் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பியது. தாள் வந்தது. ஹம்சிகா சேமிக்கப் போனாள். சிவப்புச் செய்தி.

மெல்ரோய் மணியைப் பார்த்து எழுதினார். பதினொன்று பதினேழு. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், பிரிண்டரின் நெட்வேர்க் வயரைக் கழற்றினார். ஒரு சோதனைப் பக்கத்தைச் சேமிக்கச் சொன்னார். சேமித்தது. வயரை மாட்டி ஒரு தாள் எடுத்துச் சேமிக்கச் சொன்னார். சிவப்பு.

"அப்ப நான் தாள் கேக்கிறதாலைதான் சாகிறன்" என்றார் இராசமலர்.

அது முழு உண்மை. மற்ற நாட்களில் ஹம்சிகா முதலில் சேமித்துவிட்டுத்தான் தாள் எடுப்பாள். இராசமலருக்காகத்தான் வரிசை மாறியது. பிரிண்டர் விழித்திருக்கும் வரை சேர்வருக்குப் பெட்டி அகப்படவில்லை. அது உறங்கியதும் எல்லாம் சுகம். மெல்ரோய் மடிக்கணினியைத் திறந்து சிறிது நேரம் பார்த்தார். நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் ஒன்று மற்றதைக் கூப்பிடும். பெட்டியின் இலக்கம் இருபத்துநாலில் முடிந்தது. பிரிண்டரின் இலக்கமும் அப்படியே.

பிரிண்டருக்கு இலக்கம் போட்டது யார் என்று கேட்டார். தியாகராசா நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மற்ற அரைவாசி அப்போதுதான் வெளியே வந்தது. பிரிண்டரைப் பொருத்த வந்தவன் என்ன இலக்கம் என்று கேட்டிருக்கிறான். இரண்டும் நாலும் ஆறு. ஆறு தியாகராசாவுக்கு ராசியான எண். அவர் ஓட்டும் வான் இலக்கம் ஆறு, தொலைபேசி கூட்டினால் ஆறு, கடை திறந்த திகதி ஆறு. மூன்று வருடத்துக்கு முன் பெட்டிக்கும் இருபத்துநாலுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர்தான். அது மெல்ரோயின் கொப்பியில் பழைய பக்கமொன்றில் சிவப்புச் சரியோடு கிடந்தது. நல்ல எண்ணைப் புதிய மெசினுக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை என்று தியாகராசா நினைத்துவிட்டார்.

"சேர், ஒரே மாடில ரெண்டு கதவுல இருபத்துநாலு எண்டு எழுதினா, இடியப்பம் கொண்டு வாறவன் எந்தக் கதவத் தட்டுவான்? முதல்ல திறக்கிறவங்க வாங்கிருவாங்க. உங்க பிரிண்டருக்கு வாய் இருக்கு, வயிறு இல்ல. வாங்கி வைக்க இடமில்ல, அதான் சேர்வர் கத்துது."

தியாகராசாவுக்கு விளங்கியது. ஆனால் விளங்குவது வேறு, விடுவது வேறு. பெட்டியின் இலக்கத்தில் கை வைக்கக்கூடாது, அது வந்த பிறகுதான் தொழில் நிமிர்ந்தது என்றார். பிரிண்டருக்கு இருபத்தைந்து போடலாம் என்றார் மெல்ரோய். கூட்டினால் ஏழு, தியாகராசா தலையை ஆட்டினார். கூட்டினால் எட்டு வரும் இருபத்தாறு என்றபோது, "சனியை வீட்டுக்குள்ளை கூப்பிடுறீரே" என்று எழுந்தே நின்றுவிட்டார். பிரிண்டர் வயரைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்புவது மெல்ரோயின் கணக்கில் திருத்தமாகாது. மணி பன்னிரண்டே முக்கால். தொலைபேசி அடித்தது. ஜும்ஆவுக்குப் புறப்படும் ஹுசைன், இரண்டு மணி என்றால் இரண்டு மணி என்று நினைவூட்டிவிட்டு வைத்தார்.

மெல்ரோய் வாதாடவில்லை. அவர் சட்டைப் பைக்குள் புனித அந்தோனியார் இருக்கிறார். அடுத்தவர் நம்பிக்கையை அவர் கீறுவதில்லை. பேனையை மூடிவிட்டு, மிஞ்சிய தேத்தண்ணீரைக் குடித்தார்.

"முப்பத்துமூண்டைப் போடும்" என்றார் நாற்காலியிலிருந்து இராசமலர். "என்ரை பிளாட் நம்பர். பதினெட்டு வருசமா அதிலைதான் இருக்கிறன். ரெண்டு ஒப்பரேஷன், ஒரு நெருப்புக் காய்ச்சல், ரொறன்ரோக்காரன்ரை கடிதம். எல்லாத்துக்கும் தப்பி இருக்கிறன்."

தியாகராசா விரலில் கூட்டினார். மூன்றும் மூன்றும். இன்னொரு முறை கூட்டினார். உட்கார்ந்தார்.

மாற்றுவதற்கு நான்கு நிமிடம் போனது. ஹம்சிகா கடைசி முறையாக இராசமலரைக் காலஞ்சென்றவர்களிடமிருந்து பிரித்தெடுத்தாள். பிரிண்டரை வேண்டுமென்றே எழுப்பித் தாள் எடுக்கச் சொன்னார் மெல்ரோய். பிரிண்டர் செருமியது. தாள் வந்தது. ஹம்சிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு சேமித்தாள். சிவப்பு வரவில்லை. தியாகராசா உடனே தெமட்டகொடைக்கு அனுப்பு என்று அவசரப்பட்டார். மெல்ரோய் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாவற்றையும் மூடச் சொன்னார். வாசலோரம் யாரும் தொடாமல் கிடந்த மூன்றாவது கணினியில் போய் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து மலரைத் திறந்து, ஏழாம் பக்கத்துக்குப் போனார்.

நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி, வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு தலையைத் திருப்பி, கைப்பையோடு உட்கார்ந்திருந்த இராசமலரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி இராசமலரை, இம்முறை சற்று நேரம் கூடுதலாக. இராசமலரும் வசதிக்காக முதுகை நிமிர்த்திக் கொடுத்தார். மெல்ரோய் சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கழற்றி, மூன்றாம் நிரலில் சரி போட்டார்.