பாறை பார்க்கப் போன கிருஷ்ணராசா

கிருஷ்ணராசா லண்டனில் பஸ் ஓட்டியவர். கோலியர்ஸ் வுட்டில் வீடு, பிள்ளைகள் இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு பழைய கலண்டர் தொங்கியது. ஆண்டு முடிந்தும் அதை அவர் கழற்றவில்லை. அதிலிருந்தது அரிசோனாப் பாலைவனம். காற்றும் மழையும் அரித்து நிறுத்திய செம்பாறைகள். மனைவி ஜெயகௌரியைப் பக்கத்தில் இருத்தி அந்தப் பாறைகளுக்கு நடுவே கார் ஓட்ட வேண்டும். வேறு பெரிய ஆசை அவருக்கு இருக்கவில்லை.

2003இல் நீரிழிவு கண்ணைத் தொட்டது. பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். கார் ஓட்டலாம், அதுவும் கொஞ்சக் காலம்தான். பார்க்க வேண்டியதைப் பிந்தாமல் பாருங்கள் என்றார் வைத்தியர்.

அடுத்த கோடையில் இருவரும் புறப்பட்டார்கள். வழியில் ரொறன்ரோ. அங்கே அவருடைய தங்கை பிரமிளா இருந்தாள். அவ்வளவு தூரம் போய்ச் சொந்தங்களைப் பாராமல் திரும்புவது நம்மவர்களிடம் நடக்குமா? இரண்டு நாள் என்றுதான் போனார்கள். பிரமிளா வீட்டில் சாப்பிட்டால் மச்சான் வீட்டிலும் சாப்பிட வேண்டும். அது தெரிந்தால் சித்தப்பாவின் மகன் கோபிப்பார்.

"கல்லு எங்கை ஓடப்போகுது, அண்ணை?" என்றபடி பிரமிளா இன்னொரு கரண்டி இறைச்சிக் கறி போட்டாள். "சனத்தைப் பாத்திட்டுப் போங்கோவன்."

கல் ஓடாதுதான். கண் போய்க்கொண்டிருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று ஜெயகௌரியிடம் அவர் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் விருந்து வீடெல்லாம் ஒப்பாரி வீடாகிவிடும். அவளும் சொல்லவில்லை. விருந்துகளோடு விடுமுறை முடிந்தது.

2007இல் மறுபடி போனார்கள். இந்தமுறை யாருக்கும் அறிவிக்கவில்லை. ஓட்டியது ஜெயகௌரி. அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சம். ஐம்பது வயதில் லண்டனின் டூட்டிங் தெருக்களில் ஓட்டிப் பழகியவள், ஆளில்லாத நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னப்பா, ஒரு பாறை வருது. பெரிசு."

"எவ்வளவு பெரிசு? கவுன்சில் பிளட் மாடிக் கட்டிடம் மாதிரியோ?"

"அதைவிட. மேலை தட்டை. கீழை பாவாடை விரிச்ச மாதிரி."

"நிறம்?"

"சிவப்பு."

"நான் ஓட்டின பஸ்ஸும் சிவப்புத்தான். வடிவாச் சொல்லும்."

அவள் யோசித்தாள். "தூளுக்கு வறுக்கேக்கை, கருகிறதுக்குக் கொஞ்சம் முன்னம் செத்தல் மிளகாய் ஒரு நிறம் வரும். அது."

"அப்ப எனக்குத் தும்மல் வரவேணுமே!"

அவர் சிரித்தார். அவளுக்குச் சாலை மங்கியது. காரை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்த பிறகுதான் ஓட்ட முடிந்தது.

கிராண்ட் கன்யன் விளிம்பில் அவரைக் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கக் காருக்குப் போனாள். திரும்பி வரும்போது அவர் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து நின்றார். வரிசையாக நின்ற கார்க் கண்ணாடிகளில் வெயில் தெறித்தது. முகம் அந்த ஒளிக்கு நேரே. பள்ளத்தாக்கு முழுவதும் அவருடைய முதுகுக்குப் பின்னால்.

"கௌரி, தெரியுது." என்றார். "முழுக்க இல்லை. மினுங்கிறது தெரியுது. பாறைதானே?"

தோளைத் தொட்டுத் திருப்பக் கையை நீட்டினாள். திருப்பினால் அந்த மினுக்கமும் போய்விடும்.

"ஓமப்பா. பாறைதான்."

நீட்டிய கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, கார்களைப் பார்த்தபடி நின்றாள்.