மொம்பாசா வரைக்கும் போன அட்டைக் கப்பல்

விடுப்பில் போத்தனூருக்கு வந்த மறுநாளே ரூபன் அந்த உலகப் படத்தைப் பார்த்துவிட்டான். ஆலயத்தை ஒட்டிய ஞாயிறு பள்ளி அறையில் சுவர் நிறைய மாட்டியிருந்தார்கள். பிஸ்கட் அட்டையில் வெட்டிய சின்னக் கப்பல் ஒன்று, குண்டூசியில் குத்தப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையில் மொம்பாசாவில் நின்றது. அதன் மேல் பச்சை மையில் அவன் பெயர்.

அவன் தொண்டு செய்யும் மிஷன் கப்பலோ சிங்கப்பூரை விட்டு அசையவே இல்லை. அவன் போய்ச் சேர்ந்த நாள் முதல் கப்பல் பட்டறையில் தண்ணீர் வடித்த பள்ளத்தில் பழுதுபார்ப்புக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாகம் வந்தால் இன்னொரு பாகம் வராது. துறைமுகம் துறைமுகமாகப் புத்தகக் கண்காட்சி போடலாம், நற்செய்தி சொல்லலாம் என்று, கேம்பஸில் கிடைத்த வேலையை உதறிவிட்டுப் போனவன், நாள் முழுக்கச் சுத்தியலும் கம்பி பிரஷுமாகத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவன். அப்பா பம்ப்செட் கம்பெனியில் இரும்பு வார்ப்புகளின் பிசிறைச் சுத்தியலால் தட்டித் தட்டியே ஓய்ந்து, கண்ணை மூடியவர். மகன் கைக்குச் சுத்தியல் வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஜெபம். ஆண்டவர் என்னை அழைத்தது இதற்குத்தானா என்று ரூபன் துருவைத் தட்டத் தட்டக் கேட்டுக்கொள்வான். பதில் வந்ததில்லை, தூசிதான் வந்தது.

இதையெல்லாம் அவன் போனில் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லித்தான் வந்தான். ஆனாலும் கப்பல் மொம்பாசாவில் நிற்கிறது. யார் வேலை என்று யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஞாயிறு பள்ளி டீச்சரே அவன் அம்மா மரகதம்தான்.

அறையை விட்டு வெளியே வருவதற்குள் சபைப் பொருளாளர் லாசரஸ் பிடித்துக்கொண்டார். மொம்பாசாவில் வெயில் எப்படி என்று கேட்டார். "சுமாருங்க" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று ரூபன் பல்லைக் கடித்தான்.

வீட்டில் மரகதம் கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்து வீட்டு ராமாமணி தினமும் கேட் அருகே நின்று கப்பல் எங்கே என்று கேட்பாளாம். மரகதம் முதலில் உள்ளதைத்தான் சொன்னாளாம். இன்ஜினியருக்குப் படித்துப்போட்டுத் துரு சுரண்டவா கடல் கடந்து போனான் என்று ராமாமணி சிரித்தாளாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் நகராத கப்பலுக்கு எத்தனை வாரம் ஜெபிப்பது என்று முனகினார்களாம். அதனால் மரகதம் அட்டைக் கப்பலை முதலில் கொழும்புக்கு நகர்த்தினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நடுவில் ஒரு புயலையும் சேர்த்துவிட்டாள்.

"புயலா?" என்றான் ரூபன்.

"சின்னதுதான் கண்ணு. உபவாச ஜெபம் பண்ணுனோம், அடங்கிப்போச்சு."

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாளை ஆராதனையில் அவன் சாட்சி சொல்ல வேண்டும். போன வழியைப் படத்தில் காட்டச் சொல்லிப் போதகர் ஏற்பாடு செய்திருந்தார். உண்மையைச் சொன்னால் அம்மா அந்தச் சபையில் மறுபடி தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் பீடத்துக்கு முன்னால் நின்று பொய்.

"ஒருநா வாயத் தொறக்காம இருந்தா உனக்கென்ன கொறஞ்சுபோயிரும்?" என்றாள் மரகதம்.

"அப்பறம் நான் எதுக்கும்மா ஊழியத்துக்குப் போகணும்?"

அவள் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

ஞாயிறன்று படத்தைக் கழற்றி வந்து பீடத்தருகே சாய்த்து வைத்திருந்தார்கள். போதகர் ரூபன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் மரகதம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மடியைப் பார்த்திருந்தாள். அவன் குச்சியைக் கீழே வைத்தான். குண்டூசியைப் பிடுங்கி, கப்பலைக் கொண்டுபோய்ச் சிங்கப்பூரில் குத்தினான். கடல் நெடுக ஊசி ஓட்டைகள் மிஞ்சின.

"கப்பல் இன்னும் கெளம்பவே இல்லீங்க," என்றான். "நான் துரு சொரண்டறேன். அது மட்டுந்தான் பண்றேன். நேத்து மொம்பாசாவப் பத்திச் சொன்னதும் பொய்யிங்க."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "அண்ணா, அப்ப நாங்க புயலுக்கு ஜெபம் பண்ணுனது?"

தெரியவில்லை என்றான். பொய் சொல்லத் தெம்பில்லை.

மரகதம் எழுந்தாள். "அவனக் கேக்காதீங்க. நகர்த்துனது நானு," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். போதகர் அவசரமாக அடுத்த கீர்த்தனையை அறிவித்தார்.

ஆராதனை முடிந்து அம்மாவும் மகனும் வீட்டுக்கு நடந்தார்கள். கேட் அருகே ராமாமணி தயாராக நின்றாள்.

"ஏனுங்க மரகதம், தம்பி கப்பலு அடுத்து எந்தூருக்குங்க?"

ரூபன் வாயைத் திறப்பதற்குள் மரகதம் முந்திக்கொண்டாள்.

"எந்தூருக்கும் இல்லீங்க. இன்னும் சிங்கப்பூர்லயேதான் நிக்குது. எம்பையன் துரு சொரண்டறான். இப்பச் சிரிங்க."

ராமாமணி சிரிக்கவில்லை. மரகதம் கேட்டைப் படாரென்று சாத்தினாள். அது துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றது. அவள் திரும்பி மகனை முறைத்தாள்.

"பாத்துட்டு நிக்கற? உள்ள போயி பிரஷ எடுத்துட்டு வா."