மச்சம் இல்லாத படம்

எங்கள் பள்ளியில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. காலையில் வருகை எடுக்கும்போது ஒருமுறை அது காதில் விழும். மீதி நாள் முழுக்க நான் "அவ தங்கச்சி". அந்த "அவள்" என் அக்கா, என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தவள். பேச்சுப் போட்டி, வினாடி வினா, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது என்று பள்ளியில் எந்த மைக்கையும் அவள் விட்டு வைத்ததில்லை. நான் மைக்கைக் கண்டாலே பின்வரிசைக்கு நழுவிவிடுவேன்.

முகம் மட்டும் இருவருக்கும் அச்சாக ஒன்று. அதே மூக்கு, அதே மாநிறம், எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் நெற்றியில் வந்து விழும் அதே முன்மயிர். அக்காவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது, எனக்கு இல்லை. வராந்தாவில் எதிரே வரும் டீச்சர்கள் முதலில் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். மச்சம் இருந்தால் அக்கா. இல்லாவிட்டால், "ஓ, தங்கச்சியா" என்று குரல் ஒரு படி இறங்கும். ஊரில் எல்லாரையும் ஏதோ ஒன்று இருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், என்னை மட்டும் ஒன்று இல்லாததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பதினைந்து வயதில் இதை நினைத்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு அம்மை போட்டது. மற்றவர்களுக்கு வெயிலில் வருவது எனக்கு ஐப்பசி மழையில் வந்தது. அப்போது மந்தைவெளியில் ஒரு பிளாட்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அம்மா கதவில் வேப்பிலை செருகிய நாளிலிருந்து குரியர்காரர் கீழேயே நின்றுகொண்டு போன் செய்தார். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு அம்மை வந்து, ஒரு தழும்புகூட வைக்காமல் போயிருந்தது. அதனால் அவள் மட்டும் என் பாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் வாசித்துக் காட்டுவாள். நான் கன்னத்தைச் சொறியப் போனால் வாசிப்பை நிறுத்தாமலே என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றி, இனி வெளியே போகலாம் என்று ஆனபோது பள்ளியில் போட்டோ எடுக்கிற நாள் முடிந்து போயிருந்தது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களையெல்லாம் இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக, வராந்தாவில் கட்டிய நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் படம்தான் ஹால் டிக்கெட்டில் வரும், பிறகு மதிப்பெண் சான்றிதழிலும் அதுவே அச்சாகும். விட்டுப்போனவர்கள் வெளியில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தர வேண்டும் என்று என் வகுப்பு டீச்சர் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இரண்டு கன்னங்களிலும் தழும்புகள் கறுத்துப்போய் இருந்தன. அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"இந்த மூஞ்சியோட எப்படிடி எடுக்கிறது? பத்தாவது மார்க் ஷீட்டு. காலேஜுக்கு அதைத்தான் குடுக்கணும், வேலைக்கும் அதைத்தான் குடுக்கணும். ஆயுசுக்கும் கூடவே வருமே" என்றாள்.

அப்பா, "கொஞ்ச நாள் போனா மறைஞ்சுடும்" என்றார்.

"திங்கட்கிழமைக்குள்ள மறையுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு ஒரு வழி தோன்றியது. பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து வந்தாள். அக்கா பத்தாவது படித்த வருடம் அவரவர் வெளியில்தான் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் மிஞ்சிய படங்கள் உறைக்குள் இருந்தன. அதே சீருடை, அதே ரிப்பன். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் படத்தில் அக்காவின் கன்னத்தில் மச்சம் இல்லை. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிட்டு, நிறத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்திருந்தார். அக்காவிடமிருந்து மச்சத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நான்தானே. அம்மா படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே நீதாண்டி" என்றாள். அக்கா அப்போது டியூஷனுக்குப் போயிருந்தாள்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் படத்தில் இருப்பதுபோல உதட்டை இறுக்கி, புருவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பழகிக்கூடப் பார்த்தேன். மறுநாள் டீச்சரின் மேஜை முன்னால் போய் நின்று படத்தை நீட்டினேன். டீச்சர் படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே" என்று சொல்லி உறைக்குள் போட்டுக்கொண்டார். என் நெற்றித் தழும்பு அவர் கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினேன். உட்கார்ந்த பிறகுதான், என்னை யாரும் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அன்றைக்கு நடத்திய பாடம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டே அம்மா அக்காவிடம் இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். "உன் போட்டோதாண்டி உன் தங்கச்சியைக் காப்பாத்துச்சு."

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "எந்த போட்டோ?"

"பத்தாவதுல எடுத்தோமே, அதான். மிஸ்ஸுக்கே தெரியலையாம். அச்சு அசல் இவளாட்டம் இருக்கு."

"என்னைக் கேக்காம ஏம்மா குடுத்தீங்க?"

"கேட்டா தர மாட்டியா என்ன? உன் தங்கச்சிக்குத்தானே."

"அது என்னை மாதிரியே இல்லம்மா. அவளை மாதிரி மட்டும் எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அக்கா பாதித் தோசையோடு எழுந்து கை கழுவப் போனாள். அவளுக்குத் தன் முகத்தை எனக்குத் தர மனமில்லை என்று நான் நினைத்தேன். இருக்கிறவர்களுக்குத்தான் கொடுக்கக் கை வராது என்று அம்மாவும் முணுமுணுத்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் வகுப்புக்கே வந்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து டீச்சர்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் படம் மாறிவிட்டது, அது தன் படம், தங்கையின் படத்தை நாளைக்குத் தருகிறோம் என்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தார். படத்தையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு இங்க மச்சம் இருக்கு. போட்டோவில மச்சம் இல்ல. அப்ப இது அவதானே?" என்றார்.

காலைக் கூட்டத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் திக்காமல் பேசுகிற அக்காவுக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது அவளுடைய படம்தான் என்று காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. எங்கள் சண்டையில் முதல்முறையாக நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அதை நினைத்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

பிறகு அக்கா என் முகத்தை டீச்சர் பக்கம் திருப்பினாள். "மிஸ், இவளுக்கு இப்ப முகமெல்லாம் தழும்பு. எக்ஸாம் ஹால்ல வர்றவங்க ஹால் டிக்கெட்டைப் பாத்துட்டு யாருன்னு கேட்டா என்ன பண்றது?"

அது டீச்சருக்குப் புரிந்தது. பரீட்சை நாளில் வேறு பள்ளியிலிருந்து வந்து நிற்கும் முகம் தெரியாத ஆசிரியர்களை நினைத்திருப்பார். "நாளைக்குக் காலையில முதல் வேலையா கொண்டு வந்துடு" என்று படத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். அக்கா அதைப் பார்க்காமலே இரண்டாக மடித்துத் தன் பென்சில் பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லாமல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனோம். அக்காவை எடுத்த அதே ஸ்டுடியோ. முன்னறைக் கண்ணாடிக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் இருந்தன. பையன்கள் மாட்டிக்கொள்ள ஒரு கோட்டு ஆணியில் தொங்கியது. நான் கை நிறையப் பவுடரைக் கொட்டி முகத்தில் அப்பிக்கொண்டேன். தழும்புகள் வெளுத்த மாவில் விழுந்த கடுகுபோல இன்னும் நன்றாகத் தெரிந்தன. அக்கா தன் துப்பட்டா நுனியை நனைத்து வந்து துடைத்துவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, அம்மையா? கவலயே படாத. அஞ்சு நிமிசத்துல கண்ணாடி மாறி ஆக்கிடறேன்" என்றார். அக்காவைப் பார்த்து, "இதுக்கும் நான்தான் எடுத்தேன். இன்னா சூப்பரா வந்துச்சு தெர்யுமா" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையை இறக்கு, தோளை இறக்கு என்று சொல்லி எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் என் முகம் பெரிதாக வந்தது. அவ்வளவு பெரிதாக என்னை நான் பார்த்ததில்லை. குனிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. அவர் மௌஸை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒருமுறை அழுத்தினார், நெற்றித் தழும்பு போய்விட்டது. மூக்கு நுனியில் அழுத்தினார், அதுவும் போய்விட்டது. அம்மை வருவதற்கு முன்னால் இருந்த என் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணா, அதைத் திரும்ப வைங்க" என்றாள் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? பொண்ணு நல்லா இருக்கட்டும்னுதான பண்ணிக்கினு கீறேன்."

"வேணாம்ணா. இருக்கிறபடி இருக்கட்டும்."

"நீ சொல்லு பாப்பா, எடுக்கட்டா வேணாமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அழுகை முந்திக்கொண்டு வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் இருந்த என் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. மௌஸ்மேல் இருந்த அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலையில ஸ்கூலுக்குக் குடுக்கணும்ணா, அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே தழும்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்தார். நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வழியில், "உன் மார்க் ஷீட்ல மட்டும் நீ அழகா இருக்கணும், நான் இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அக்கா நடையை எட்டிப் போட்டாள். ஆர்.கே. மடம் சாலையைக் கடக்கும்போது சின்னக் குழந்தையைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். அவள் மறுபடியும் பிடித்தாள்.

வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்னைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அக்காவை ஒரு பிடி பிடித்தாள்.

"உனக்கு நான் எப்படிப் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டர்காரன் பக்கத்துலயே நின்னு, மச்சத்தை எடுத்துடுப்பா, கலரைக் கொஞ்சம் தூக்குப்பான்னு சொல்லிச் சொல்லி எடுக்க வெச்சேன். கூடப் பொறந்தவளுக்கு அந்த அக்கறை உனக்கு இல்லையே."

அக்கா அந்தப் பேச்சு முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அந்தப் படம்தான் ஹால் டிக்கெட்டில் வந்தது. மதிப்பெண் சான்றிதழிலும் தழும்புகளோடு அதுதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரும் அதை அக்கா என்று நினைக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் விசும்பினேன். அக்காவுக்காக ஸ்டுடியோவில் பேச அம்மா இருந்தாள், எனக்காகப் பேச யாருமே இல்லை என்பதுதான் என் துக்கம். அதே ஸ்டூலில் பதினைந்து வயதில் அக்கா உட்கார்ந்திருந்தபோது, அவளுக்கும் வாயில் வேண்டாம் என்ற ஒரு வார்த்தை வந்து நின்றிருக்கும், அதை அவளுக்காகச் சொல்லத்தான் யாரும் இல்லாமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.