லாபம் போக ஆறு சுற்று

அந்த மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு கிடையாது, ஹார்ன் கிடையாது, சாய்த்து நிறுத்த ஸ்டாண்டு கிடையாது. இல்லாதவற்றை எண்ணினால் பதினொன்று வரும். இருந்தவற்றில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றுதான், அதன் பிஸ்டன். அது போனால் மாற்றுவதற்கு இன்னொன்று கிடையாது.

அந்த வண்டியை நான் முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. மலைச் சாலையின் சிறுபாலங்களை எண்ணி, விரிசல் பார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும். வடகவுஞ்சிப் பக்கம் ஒரு மண் பாதையில் சிறுபாலம் ஒன்றை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளத்தின் அகலத்தை அளந்தேன். ஒன்பது அடி. அப்போது ஒரு வெள்ளைக்காரர் இந்த வண்டியில் வந்து நின்றார். பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் மறுபடி நெருங்கியது. நிமிர்ந்தபோது அவருடைய இரண்டு சக்கரமும் தரையில் இல்லை.

அவர் நிற்காமல் போய்விட்டார். சக்கரத் தடம் முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிய இடம்வரை டேப் பிடித்தேன். இருபத்தொரு அடி. சந்தேகப்பட்டு இரண்டாவது முறையும் அளந்தேன். அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல் பாலத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் 21 என்று மட்டும் குறித்தேன்.

முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற மூன்றாவது வருடம், கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். பின்கட்டுக் கொட்டகையில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் அதே வண்டி கிடந்தது. டாங்கின் இடப்பக்கம் அன்று பார்த்த மாதிரியே கைமுட்டி அளவுக்கு நசுங்கியிருந்ததை வைத்து அடையாளம் கண்டேன். நான் வாங்கியதை வீட்டில் சொல்ல நான்கு நாள் ஆயிற்று.

வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்தான் அதற்கு உயிர் கொடுத்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து அரைக்கும் ஆலையின் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டு வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். சிலிண்டரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தொர நல்லாத்தான் ஓட்டியிருக்காரு. கடைசி அளவுக்குக் கடையணும். வண்டியோட ஒரு பெட்டியில புது பிஸ்டன் வந்துச்சில்ல, அதுதான் அந்த அளவுக்குப் பொருந்தும். அதுவும் பிடிச்சிக்கிச்சின்னா, வண்டிய வாசல்ல நிப்பாட்டி அவரக்கொடி ஏத்தி விடுங்கய்யா."

கவுஞ்சியில் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலத்தில் ஓட்டிப் பழகினேன். அந்தப் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே நான் விழாத வரப்பு இல்லை. ஒவ்வொரு மாலையும் என் மனைவி காயத்துக்கு மருந்து போட்டபடி கணக்கைக் கேட்பாள்.

"இன்னைக்கு எத்தன?"

"மூணு."

"ஆக நாப்பத்தி மூணு. உங்க வயசு அறுபத்தொண்ணு. ரெண்டும் சமமாகுற அன்னைக்கு வண்டியக் குடுத்துப்புடணும், ஆமா."

இருபது நிமிடம் விரட்டினால் இன்ஜினில் ஒரு மெல்லிய ஓசை கேட்கத் தொடங்கும், பித்தளைச் சொம்பில் கரண்டி பட்டது மாதிரி. சூட்டில் பிஸ்டன் பருக்கிறது, அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்றார் மெக்கானிக். ஆகவே அய்யம்பாளையத்துக்குப் பக்கத்தில், தண்ணீரில்லாமல் கிடந்த ஒரு குளத்துக்குள் பழைய வண்டிகளுக்கென்று ஒரு பந்தயம் நடக்கிறது, ஆறு சுற்று என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் செய்தது வகுத்துப் பார்த்ததுதான். போய் நடந்து பார்த்தேன். சுற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் பதினெட்டு. இரண்டு நிமிடம் கையிருப்பு.

"ஆறு சுத்துதான?" என்றாள் மனைவி.

"ஆறுதான்."

"அதுக்கு மேல ஒண்ணு ஓடுனாலும் நான் பஸ்ஸேறிப் போயிருவேன்."

பந்தயத்தன்று வெள்ளெனக் கிளம்பி வண்டியை ஒரு காய்கறி வேனில் ஏற்றி இறக்கினோம். மலையில் காற்று மெலிது; அங்கே சரியாக இருக்கும் பெட்ரோல் அளவு கீழே போதாமல் இன்ஜின் கொதித்துவிடும். மெக்கானிக் கார்ப்பரேட்டரைத் திறந்து பெரிய துளையுள்ள ஜெட்டை மாட்டினார். சரியாக மாட்டினாரா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டார். டாங்கில் தேவைக்கு மேல் ஒரு லிட்டர் ஊற்றினேன்.

பதினொரு பேர். மற்றவர்கள் எல்லோரும் முப்பதுக்குள். மதுரையிலிருந்து வந்திருந்த சிவப்பு ஹெல்மெட்காரன் ஒருவன் என் வண்டியைச் சுற்றி வந்தான்.

"என்ன பெருசு, ஹார்னையே காணோம்? பின்னால வந்தீங்கன்னா எப்பிடி வழி கேப்பீங்க?"

"நான் கடைசி வரைக்கும் பின்னாலதான் தம்பி வருவேன். வழி கேக்க வேண்டியிருக்காது."

"ஏலே, இவரு வெவரமானவருடா!" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

சுற்றுகளை எண்ண ஒரு தேங்காய் மண்டிக்காரர் தன் ஆளை அனுப்பியிருந்தார். நாற்பது வருடமாகக் காய் எண்ணுபவராம். கோட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, காலடியில் ஒரு சாக்குத் தேங்காயோடு உட்கார்ந்திருந்தார். முதல் வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு காயை மேசையில் வைத்துச் சத்தமாக எண்ணைச் சொல்வார். அவர் ஆறு என்றதும் கொடிக்காரர் கொடியை இறக்குவார். இதைவிட நம்பிக்கையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

முதல் வளைவிலேயே இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் விலகிப் போனேன். அதன் பிறகு புழுதிதான், புழுதிக்குள் ஒரு சிவப்பு ஹெல்மெட். பத்து வளைவு, இரண்டு சிறு மேடு, கடைசியில் கரையை வெட்டிவிட்ட இடத்தில் ஒரு பெரிய மேடு. அதில் மற்றவர்கள் பறந்தார்கள். நான் ஏறி இறங்கினேன். சக்கரம் தரையை விட்டது எனக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூன்றாம் சுற்றில் ஒரு வண்டியின் செயின் அறுந்தது. நான்காம் சுற்றில் இன்னொன்று புகைந்து நின்றது. ஏழு பேர் மிச்சம். நான் ஏழாவது.

ஆறாவது சுற்றை முடித்துக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். முன்னால் போனவர் ஒருவரும் நிற்கவில்லை. நான் இடது கையைத் தூக்கி "ஆறு! ஆறு!" என்று கத்தினேன். தேங்காய்க்காரர் மகிழ்ச்சியோடு ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

கோட்டிலிருந்து முதல் வளைவுக்கு அறுபது அடி. அதற்குள் முடிவெடுக்க வேண்டும். என் கணக்கில் தவறில்லை. நின்றிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது, பிஸ்டனும் பிழைத்திருக்கும். குனிந்து கேட்டேன். கரண்டிச் சத்தம் இன்னும் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் போனது சத்தம் வராததால் அல்ல. அந்த மேட்டை எனக்கு இன்னொரு முறை தாண்ட வேண்டியிருந்தது.

ஏழாவது வளைவில் சிவப்பு ஹெல்மெட்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பாரம் குறைய வேண்டுமென்று ஆறு சுற்றுக்கு மட்டும் அளந்து ஊற்றியிருக்கிறான். "பெருசு! பெட்ரோல் இருக்கா?" என்று கத்தினான். ஹார்ன் இல்லாததால் தலையை ஆட்டிவிட்டுக் கடந்தேன்.

பெரிய மேட்டுக்கு முன்னால் அது கேட்டது. சொம்பில் கரண்டி. ஒரு தரம், பிறகு விடாமல். ஆக்ஸிலேட்டர் முறுக்கைக் குறைக்க வேண்டிய இடம். நான் குறைக்கவில்லை.

மேட்டின் உச்சியில் தரை விலகியதும் முறுக்கை விட்டேன். சத்தம் இல்லை. கை கால் அடிபட்டது, சொம்பு, பதினெட்டு நிமிடம், எதுவும் இல்லை. எதிரே பழனி மலைத்தொடர் முழுவதும் நின்றது. சுவர் மாதிரி, ஒரே வீச்சில், அடிவாரத் தோப்புகளிலிருந்து மேலே மேகம் உட்கார்ந்திருந்த முகடுவரை. அதன் வயிற்றில் மெல்லிய கீறலாகச் சாலை தெரிந்தது. ஒவ்வொரு பாலமாக முப்பத்து நான்கு வருடம் நான் எண்ணிய சாலை. இவ்வளவு பெரியதன் மேலா நான் டேப்பை வைத்துக்கொண்டு நடந்தேன்? அதை அண்ணாந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் நேருக்கு நேர் காற்றில் இருந்தேன். கீழே என் நிழல் என்னைவிட்டுத் தனியாக ஓடியது. பிறகு பின்சக்கரம் மண்ணைத் தொட்டது, மணிக்கட்டு இரண்டும் கதறின, கொடி இறங்கியது.

ஆறு பேர் முடித்தோம். நான் ஆறாவது.

மெக்கானிக் ஓடி வந்து இன்ஜினை அணைத்தார். சூடு தணியட்டும் என்று பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னால் உட்கார முடியவில்லை. தேங்காய்க்காரரிடம் போனேன்.

"ஏழு சுத்து ஓட விட்டுட்டீங்களே, ஐயா!"

"ஆறுதாங்க. இந்தா வரிசையாக் கெடக்கு, எண்ணிக்கோங்க."

எண்ணினேன். வரிசையில் ஆறு. மேசை ஓரத்தில் தனியாக ஒன்று.

"அது?"

"அது லாபங்க."

"லாபமா?"

"மொதக் காய எடுத்து லாபம்னு ஒதுக்கி வெச்சிட்டுத்தான ஒண்ணுன்னு ஆரம்பிக்கணும்? எங்க மண்டியில அப்பிடித்தான்."

"எங்க பக்கம் ஒண்ணுக்குப் பதிலாத்தான் லாபம்னு சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். அதுவும் கணக்குல உண்டு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "லாபத்தப் போயிக் கணக்குல சேப்பாகளா?"

அதற்குள் மெக்கானிக் கூப்பிட்டார். புகைக்குழாயைக் கழற்றியிருந்தார். இன்ஜினின் துளைக்குள் டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டனைக் கீழே கொண்டுவந்தார். பக்கவாட்டில் நேர்க்கோடாக நான்கு கீறல் தெரிந்தது. அவர் விரலை உள்ளே விட்டு நகத்தால் குறுக்கே தடவினார். மறுபடியும் தடவினார்.

"நகத்துல மாட்டலீங்கய்யா. தேச்சுவிட்டாப் போதும். இன்னும் ஒரு அர நிமிஷம் ஓட்டியிருந்தீங்கன்னா அவரக்கொடிதான்."

எனக்குப் பின்னால் மனைவி குடையோடு நின்றிருந்தாள். பஸ் ஏறிப் போகவில்லை.

"ஏழு," என்றாள்.

"ஒண்ணு லாபமாம்," என்றேன்.

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். டேப்ப எடுங்க."

கால்சட்டைப் பையில் டேப் இருப்பது அவளுக்குத் தெரியும். பெரிய மேட்டுக்கு நடந்தோம். முதல் ஆறு சுற்றின் தடங்கள் மற்றவர்களின் சக்கரங்களில் குழம்பிப் போயிருந்தன. கடைசியாகப் போனவன் நான் என்பதால் ஏழாவது தடம் மட்டும் மேலே கலையாமல் கிடந்தது. தடம் முடிந்த விளிம்பில் டேப்பின் நுனியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

"எவ்வளவு?"

"பதினேழரை."

"சரியாப் பாருங்க."

இரண்டாவது முறையும் பார்த்தேன். பதினேழரைதான்.

"அந்த வெள்ளக்காரரு எவ்வளவுன்னீங்க?"

"இருபத்தொண்ணு."

அவள் நுனியை விட்டாள். டேப் மண்ணில் புரண்டு என் கைக்குள் சுருண்டது. எழுந்து, சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "மூணரை அடிதான கொறையுது."