இத்தா முடியாத முகவரி

உங்கள் பெயரில் இன்னொருவர் தவறு செய்கிறார். அறையில் இருக்கும் பதினொரு பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? யாராவது ஒருவர் பேசுவார் என்று காத்திருப்பேன் என்கிறீர்களா? வெனிங்கும் காத்திருந்தாள். நான்கு நாள்.

வெனிங் அஸ்துத்திக்கு வயது முப்பத்தாறு. தெற்கு ஜகார்த்தாவில், கணினிகளை வாடகைக்கு விடும் ஒரு கிளவுட் நிறுவனத்தில் பொது ஐ.பி. முகவரிகளைப் பார்த்துக்கொண்டவள். இணையத்தில் ஒரு கணினியை உலகம் தேடி வர ஓர் எண் வேண்டும்; அதுதான் ஐ.பி. முகவரி. அந்த எண்களுக்கு எங்கும் தட்டுப்பாடு. ஒருவர் காலி செய்தால் அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். வம்பு அங்கேதான். காலி செய்கிறவர்களில் பாதிப் பேர், தங்கள் தளத்தின் பெயரை அந்த எண்ணிலிருந்து விடுவிக்க மறந்துவிடுவார்கள். அவர்களைத் தேடி வருகிற ஜனம், புதிதாகக் குடிவந்தவன் எவனோ அவன் கையில் போய் விழும்.

அதனால் வெனிங் ஒரு விதி வைத்திருந்தாள். காலியான முகவரி அறுபது நாள் யாருக்கும் கிடையாது. அதற்குள் பழைய வாடிக்கையாளரைப் போனில் பிடித்து, பெயரை மாற்றும்வரை உயிரை எடுப்பாள். பக்கத்து மேசை தியாஸ்தான் இதற்கு ‘இத்தா’ என்று பெயர் வைத்தாள். இஸ்லாத்தில், மணவாழ்க்கை முடிந்த பெண் மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலத்தின் பெயர், எண்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

“அந்த நூத்திநாலாம் நம்பர் எங்கடி?” என்பாள் தியாஸ்.

“இத்தால இருக்கு. இன்னும் இருபது நாள். மாப்பிள்ளைய அவசரப்பட வேணாம்னு சொல்லு.”

இரண்டு பேரும் ஒன்பது வருடம் மதியச் சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள்.

இத்தாவில் இருக்கும் முகவரியை முன்கூட்டியே வெளியே விட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும். வெனிங் தன்னிடம் உள்ள விரல் நீளச் சாவியைக் கணினியில் செருகி ஒப்புதல் தர வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள், போகாதவரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது அந்த அலுவலகத்தில் வழக்கம். விதிப்புத்தகம் தடுத்தது; விதிப்புத்தகத்தை யாரும் படித்ததில்லை. எல்லாரும் ‘பாக்’, அதாவது ஐயா, என்று அழைக்கும் துறைத் தலைவர் குனாடியே முந்தின வருடம் தன் சாவியை வெனிங்கிடம் கொடுத்துவிட்டுத்தான் சொந்த ஊரான சோலோவுக்கு ரயிலேறினார். தியாஸுக்குச் சொந்த ஊரே ஜகார்த்தா. ஆகவே சாவி அவளிடம் போயிற்று, ரகசிய எண்ணோடு.

“தீப்பிடிச்சா மட்டும் தொடுடி.”

“நீ கிளாட்டன் போய் உங்கம்மா வைக்கிற கோழி ஓபோர்க் குழம்ப முழுங்கு. எனக்கு ஒரு டப்பா வரணும், சொல்லிட்டேன்.”

பெருநாளின் மூன்றாம் நாள் ஒரு பெரிய புது வாடிக்கையாளர் நாற்பத்தொரு முகவரி கேட்டார். கையிருப்பில் இல்லை. குனாடி தியாஸைப் போனில் அழைத்து, இத்தாவில் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். தியாஸ் தானே கேட்டு, வெனிங்கின் சாவியைச் செருகித் தானே ஒப்புதலும் தந்தாள். இத்தாவில் இருந்த நாற்பத்தொன்றும் வெளியே போயின.

அதில் ஒன்று ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் உள்ள ஒரு பிரசவ மருத்துவமனையின் பழைய முகவரி. அவர்களின் கணினி ஆளும் ஊருக்குப் போயிருந்தார். பெருநாளுக்கு முன் வெனிங் இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. பழைய முன்பதிவுத் தளத்தின் பெயர் இன்னும் அந்த எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. புது வாடிக்கையாளரோ வாங்கியதை உள்வாடகைக்கு விடும் தரகர். உள்ளே வந்த எவனோ இதைக் கண்டுபிடித்து, அதே நிறத்தில் அதே படத்தோடு ஒரு பக்கம் வைத்தான். ஒன்பது நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கர்ப்பிணிகள் தங்கள் அடையாள எண்ணையும் வங்கிக் கணக்கையும் அதில் எழுதிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் நிறுவனம் அதைக் கண்டுபிடித்துப் பக்கத்தை மூடியது; வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

விசாரணைக் கூட்டத்தில் பதிவேட்டைத் திரையில் போட்டார்கள். அன்று வெனிங் ஊரில் இல்லை, சாவி தியாஸிடம் இருந்தது என்று உட்கார்ந்திருந்த பதினொரு பேருக்கும் தெரியும். ஒப்புதல் தந்தவர்: வெனிங் அஸ்துத்தி. வெனிங் தியாஸைப் பார்த்தாள். தியாஸ் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள், தேநீர் அறையில் வெனிங்கே கேட்டாள்.

“சாவி உன்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிடேன்.”

“குனாடி போன்லதான் சொன்னாரு. இப்ப சொல்லவே இல்லங்கறாரு. நான் எதை வச்சுப் பேச?”

“அதையே பேசேன்.”

“பேசினா ரெண்டு வேலை போகும். இப்ப ஒண்ணோட போயிடும்.” தியாஸ் கோப்பையைக் கழுவினாள். “உனக்கென்னடி, கெட்டிக்காரி. வேற எடத்துல கூப்பிட்டுக் குடுப்பாங்க.”

ஒன்பது வருடத்தில் தியாஸ் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் முறை.

குனாடி தாளைத் தயாராக வைத்திருந்தார். “கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன். கையெழுத்து போட்டுட்டா நல்ல சான்றிதழோட போகலாம்.”

“செருகினது தியாஸ் மெஷின்ல. பதிவுலயே இருக்கு, பாக்.”

“பார்த்தேன். சாவிய அவகிட்ட குடுத்தது யாரு?”

“போன வருசம் உங்க சாவி என்கிட்ட இருந்துச்சே.”

“அப்ப ஒண்ணும் நடக்கலயே.”

“சரி. அந்தப் பொம்பளைங்களுக்கு யார் சொல்றது?”

“நம்ம வாடிக்கையாளரா அவங்க? விடு.”

உத்தரவுக்குத் தாள் கிடையாது. பழிக்கு மட்டும் தாள் உண்டு. உலகத்தின் எல்லா அலுவலகங்களும் இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான் நிமிர்ந்து நிற்கின்றன. வெனிங் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை பெக்காசிக்கு ரயிலேறினாள்.

‘இபு’, அதாவது அம்மா, என்று எல்லாரும் கூப்பிடும் தலைமைத் தாதி ரூமொன்டாங், அவளை நிற்க வைத்தே நடந்ததையெல்லாம் சொல்லவிட்டுப் பிறகு கேட்டார். “கம்பெனி அனுப்புச்சா?”

“இல்ல. கம்பெனி வேணாம்னுச்சு.”

“பின்ன உனக்கென்ன வந்துச்சு?”

“என் பேர்ல நடந்திருக்கு, இபு.”

ரூமொன்டாங் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்து, நோயாளிகளின் பட்டியலை எடுத்தார். ஆளுக்கொரு போன். முதலில் எடுத்த பெண்ணின் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. பிரசவத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அவள் திட்டிய திட்டை வெனிங் முழுக்கக் கேட்டாள். சாவி யாரிடம் இருந்தது என்று சொல்லவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள். சாயங்காலத்துக்குள் இருநூற்று அறுபது பேர் வங்கியை எச்சரித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு மருத்துவமனை கடிதம் எழுதியது.

நிறுவன ரகசியத்தை வெளியிட்டதற்காக வெனிங்கை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் இருக்கையில் இப்போது தியாஸ். இத்தா மூன்று நாளாகிவிட்டது.

உங்கள் பள்ளியோ கடையோ மருத்துவமனையோ ஒரு கிளவுட் நிறுவனத்தை நம்பி இருக்கிறதா? இன்றைக்கே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: காலியான முகவரியை எத்தனை நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறீர்கள், அதை மீறச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? போனில் சொல்கிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயரும் கையெழுத்தும் போட்ட தாளை வாங்குங்கள்.