ஏழாவது பாட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் ஜாஸ்தி. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் தோல் கம்பெனியில் அடுக்கை எண்ணியே வேலை செய்து பழகியவன் நான். கம்ப்யூட்டரில் சேர்த்த பாட்டுகளையும் அப்படித்தான் நினைவில் வைத்தேன். இங்கிலீஷில் இருக்கும் பெயர்களைப் படிக்க வராது. ஏழாவது நாதஸ்வரம், பன்னிரண்டாவது அப்பா காரியத்துக்குப் போட்ட ஒப்பாரி. கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் பழைய பிளேயர் நான் வைத்த வரிசையைத் தொடாது.

மகளைப் பெண் பார்த்துப் போன இரண்டு வீட்டாரிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாவது வீட்டார் வருவதற்கு முதல் நாள், கம்பெனி தோஸ்த் ஒருவர் வண்ண விளக்குகள் ஆடும் புது பிளேயரைப் போட்டுக் கொடுத்தார். அது பாட்டுகளை எழுத்து வரிசையில் மாற்றி அடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் உட்கார்ந்ததும் ஏழாவதைத் தட்டினேன். ஒப்பாரி கிளம்பியது. விளக்குகள் அதற்கும் ஆடின. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "இன்னா சம்பந்தி, பொண்ணு பாக்க வந்தோமா, துக்கம் கேக்க வந்தோமா?"

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சம்பந்தின்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இனிமே மாத்திப் பேசக் கூடாதுண்ணா."

அவர் சிரித்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அந்த நாளுக்குள் பழைய பிளேயரைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

எழுதி முடித்தது: 2008, தை மாதம் மூன்றாம் தேதி.