ரூம் டெம்பரேச்சர்

மதியம் ஒன்றரை மணிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஷேர் காரில் ஏறினேன். ராஸ் அல் கைமாவுக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது திர்ஹம். ஷார்ஜாவில் மது விற்பதில்லை. ராஸ் அல் கைமா ஓட்டல்களில் உண்டு. டிரைவர் அறந்தாங்கிக்காரர்.

“ஒரு கிளாஸ் வைனுக்காண்ணே இம்புட்டுத் தூரம்?”

“அது குளிர் நாட்டு வைன்” என்றேன். சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அது எனக்குச் சீக்கிரம் வரும், போகத்தான் நேரமாகும்.

பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சை அது. நியூசிலாந்தின் தென்கோடி மலைச்சரிவில் ஓர் அறுவடைக்காலம் முழுக்க நான் அதைப் பறித்திருக்கிறேன். தோல் மெல்லிசு. வெயில் கூடினால் சர்க்கரை ஏறி, வைன் ஜாம் மாதிரி ஆகிவிடும். பகலில் இளவெயில், இரவில் பல் கிட்டும் குளிர் என்று மெல்லப் பழுத்தால்தான் புளிப்பு தங்கும். நிறமும் அடர்த்தியாக இராது, கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரியும். பிரான்சின் பர்கண்டி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா போன்ற குளிர்ந்த இடங்களில்தான் அது பேர் சொல்லும்.

மூன்று மணி. கடலோர ஓட்டல். ஒரு கிளாஸ் அறுபது திர்ஹம். கொண்டுவந்தவர் ஜெரோம், குளச்சல்காரர், முப்பது வயதிருக்கும். வாயில் வைத்தேன். வெதுவெதுவென்று இருமல் மருந்து! ஆல்கஹால் மூக்கில் ஏறியது.

“என்ன தம்பி இது, கஷாயமா?”

“ரெட் வைனை ரூம் டெம்பரேச்சர்லதான் குடுக்கணும்னு மேனேஜருக்க ஆர்டர் சார்.”

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வைனைக் கொல்கிறார்கள். அதை முதலில் சொன்னவனுடைய ரூம் ஐரோப்பாவின் கல் வீடு, பதினாறு டிகிரி தாண்டாது. இங்கே பாட்டில்கள் நிற்பது சமையலறையை ஒட்டிய அலமாரியில்.

ஜெரோம் குரலைத் தாழ்த்தினார். “எனக்க ரூம் சிமெண்ட் ஃபேக்டரி பக்கத்துல சார். ஏழு பேரு, ஏசி மாஃபி, கிடையவே கிடையாது. அந்த டெம்பரேச்சர்ல வச்சா பாட்டிலே வெடிச்சிரும். இதைப் பத்து நிமிசம் ஐஸ்ல வச்சா சரியாவும், எனக்குத் தெரியும். போன மாசம் அப்பிடித்தான் குடுத்தேன். ஜில்லுன்னு இருக்குன்னு ஒரு கெஸ்ட் கம்ப்ளைன்ட். வார்னிங் லெட்டர் வந்துச்சு. இன்னொண்ணு வந்தா விசா கேன்சல்.”

“நான்தானே கேக்குறேன், வைங்க” என்றேன்.

பாட்டிலையே ஐஸ் வாளியில் வைத்தார். பத்து நிமிடத்தில் மருந்து வாடை போயே போய்விட்டது. செர்ரிப் பழமும் மழையில் நனைந்த சருகும் மணந்தன. நாக்கின் ஓரத்தில் புளிப்பு சுருக்கென்றது. இதற்காகத்தான் வந்தேன்.

மூன்றே முக்காலுக்கு மேனேஜர் வந்தார். ஐஸ் வாளியில் சிவப்பு வைனைப் பார்த்து, யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் கேட்டேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். எழுந்து நின்று, நாலு மேசைக்குக் கேட்கும்படி கத்தினேன். உங்கள் விதியே தப்பு, ஜெரோமுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை, பத்து நிமிடம் ஐஸ் போதும் என்று அவரே என்னிடம் சொன்னார் என்றேன். மேனேஜர் நன்றி சொன்னார். பில் வேண்டாம் என்றார். ஜெரோமை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

ஆபீஸ் கதவுக்கு முன்னால் ஜெரோமைப் பிடித்தேன்.

“‘நான் கேட்டேன்’னதோட விட்டிருக்கலாம் அண்ணே. நான் சொன்னதை எதுக்குச் சொன்னீங்க?”

“நான் உள்ள வந்து பேசுறேன்.”

“வேண்டாம்ணே. கலாஸ், முடிஞ்சுது.”

என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மேனேஜருக்குத் தெரியாதது வைன். எனக்குத் தெரியாதது, எங்கே நிறுத்துவது என்பது. விலை கொடுக்கப்போவது ஜெரோம்.

“ஸ்டாஃப் குடிச்சுப் பாக்க அனுமதி இல்லண்ணே” என்றார். “பாட்டிலைத் தொட்டுத் தொட்டுத்தான் படிச்சேன். உள்ளதைச் சொல்லுங்க, சரியாக் குளுந்திருந்துதா?”

“ரொம்பச் சரியா இருந்துச்சு.”

தலையை ஆட்டிக்கொண்டார். காலரைச் சரிசெய்துவிட்டுக் கதவைத் தட்டினார்.